வினாத்தாளில் தமிழ் எங்கே போனது?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கணினியைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் நமக்கு நேரம் போதாது. முதல் பாடவேளையில் வருகைப் பதிவு போடும்போது செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். ஓ.டி.பி. தலைமையாசிரியர் கைப்பேசிக்குப் போகும். அவர் கூட்டத்தில் இருப்பார். இவற்றையெல்லாம் நம்மால் சரிசெய்ய முடியாது. நம் கையிலேயே தீர்வு உள்ள ஒரு தொல்லையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

காலாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தட்டச்சு செய்கிறோம். வீட்டுக் கணினியில் அழகாக இருக்கிறது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனால், “சார், இதுல தமிழே இல்லையே” என்கிறார் கடைத் தம்பி. நாம் அடித்தது ‘அம்மா’. திரையில் இருப்பதோ எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச். வைரஸ் என்று நினைத்து, உட்கார்ந்து மறுபடியும் முழுவதையும் அடிப்பவர்கள் உண்டு.

கோப்பு கெடவில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். கணினியின் நினைவில் இருப்பது எம். அது போட்டிருக்கும் சட்டைதான் ‘அ’. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடுகிறது. ஒருங்குறியில் ‘அ’வுக்கென்றே தனி எண் உண்டு. எந்தக் கணினியில், எந்தக் கைப்பேசியில் திறந்தாலும் அது ‘அ’தான். தமிழக அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது.

“பழகிய விரல் மாறாது” என்பது மூத்த ஆசிரியர்களின் தயக்கம். விரல் மாறவே வேண்டாம். விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறையிலேயே அடித்து ஒருங்குறியாகப் பெறலாம். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ்99 எளிது. அதில் அ, ம, ம, ஆ என நான்கு தட்டுகளில் ‘அம்மா’ வந்துவிடும். நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும்.

பழைய கோப்புகளை என்ன செய்வது? எங்கள் பள்ளியில், ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் மெல்லக் கற்கும் மாணவர்களுக்காகத் தொகுத்த பயிற்சித்தாள்கள் ஒரு குறுந்தகட்டில் கிடந்தன. திறந்தால் ஒரு வரி படிக்க முடியாது. கோப்பைத் திறந்து, ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். பெயர் தெரிந்தால் எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கிவிடலாம். அப்படித்தான் அந்தத் தாள்கள் இப்போது நான்காம் வகுப்பில் பயன்படுகின்றன. அறிவியல் ஆசிரியர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். மாற்றும்போது வேதியியல் குறியீடுகளையும் அது தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

ஒருங்குறிக்கு வந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக அடித்துவிடுகிறோம். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அது வேறு சொல், தேடினால் கிடைக்காது. பாட்டிக்காவது பரவாயில்லை. வகுப்பில் உள்ள கௌசல்யாவின் பெயர் ஒரு பட்டியலில் ‘கௌ’ என்றும் இன்னொன்றில் ‘கெ’, ‘ள’ என்றும் இருந்தால் கணினிக்கு அவர்கள் இரண்டு மாணவிகள். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்குத் திரைவாசிப்பான் அந்தப் பெயரை ‘கெ-ள-சல்யா’ என்றுதான் படித்துக் காட்டும். பெயர்ப்பட்டியலை அனுப்பும் முன் ஔகாரப் பெயர்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேநீருக்குப் பிறகு இங்குள்ள மடிக்கணினியில் பழைய கோப்புகளை மாற்றிப் பார்க்கலாம். பென்டிரைவ் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.