ஆழ்கலம் கடைதலும் மரப்பிடிப்பும்

(பொத்தேரியில் தச்சுத் தொழிலாளர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆழ்ந்த கலங்களைக் குடையுங்கால் மரம் கடைசல் யந்திரத்தை விட்டுக் கழன்று விழுவதேன் என்பதைக் குறித்துச் சில சொல்லும்படி அன்பர்கள் பணித்தார்கள். இவ்விஷயத்தில் நாம் கற்றதெல்லாம் நஷ்டப்பட்டுக் கற்றதே.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் மூதாட்டியார் ஒருவர், தம் கொல்லையில் காற்றுக்கு விழுந்த பலாமரத்தின் அடித்துண்டைக் கொணர்ந்து, மூடியிட்ட கலமொன்று கடைந்து தர வேண்டினார். அம்மரம் அவருடைய மாமியார் வைத்தது. ஓரடி ஆழம் குடைய வேண்டிய வேலை. எட்டங்குலம் சென்றதும் உளி சிக்கிற்று. கலம் பிடியினின்றும் பிடுங்கிக்கொண்டு சுவரில் மோதி இரண்டாய்ப் பிளந்தது. நம் நெற்றி தப்பியது நான்கு விரற்கடையில். உளியைப் பழித்தோம், மரத்தைப் பழித்தோம். பிளந்த துண்டைக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே, குற்றம் நாம் வைத்த அடிக்காம்பில் என்பது விளங்கிற்று.

கட்டில் காலும் தூணும் கடையும்போது மரம் இருபுறமும் முனைகளால் தாங்கப்படுகிறது. கலத்தைக் குடையவோ வாய்ப்பக்கம் திறந்திருத்தல் வேண்டும். ஆகவே ஒருபுறப் பிடியே அனைத்தையும் சுமக்கிறது. அம்பாசமுத்திரத்தார் மஞ்சட்கடம்பு முதலிய மரங்களிற் கடையும் சொப்புகள் சிறியவை. அவற்றுக்குச் சற்றே இறுகிய பிடி போதும். ஓரடி ஆழத்துக்கு அது செல்லாது.

காரணம் யாதெனில், இங்கு நெம்புகோல் இரண்டு வேலை செய்கின்றன. வாயருகே உளி படும்போது மரமே நெம்பாகிறது. காம்பின் விட்டம் இரண்டங்குலம், வாய் அதனின்றும் பன்னிரண்டு அங்குலம் என்றால், உளி தள்ளும் விசை காம்பில் ஏறக்குறைய ஆறு மடங்காகிறது. காம்பை நான்கங்குலமாக்கின் மூன்று மடங்கே. உள்ளே செல்லச்செல்ல மரத்தின் நெம்பு குறைகிறது; ஆனால் தாங்குகட்டைக்கு அப்பால் நீளும் உளியின் நெம்பு வளர்கிறது. எட்டங்குலத்தில் நம்மைத் தள்ளியது இதுவே.

காம்பைவிட அதன் தோளே பெரிது. சக்கின் கவ்விமுகத்தில் தோள் சுற்றிலும் படிந்து அமர வேண்டும். காம்பின் நுனி சக்கின் உட்தளத்தைத் தொடலாகாது. நமது காம்பு நீண்டுபோய் உட்தளத்தில் இடித்தது. தோளுக்கும் கவ்விக்கும் நகக்கண் அளவு இடைவெளி. அவ்விடைவெளியே அசைவிற்கு இடங்கொடுத்தது. மேலும், மரத்தின் நடுத்தண்டு காம்பினுள் இருந்தது. வெடிப்பு தொடங்குவது அங்கேதான்.

மறைமலைநகர்ப் பக்கம் இரும்பு கடைந்து பழகிய நம் பிள்ளைகள் மூன்று கவ்விச் சக்கையே மரத்திற்கும் மாட்டிவிடுகிறார்கள். இரும்பு அதைத் தாங்கும். மரம் மூன்றிடத்தில் நசுங்கி, வேலை நடுவே தளரும். மரத்துக்கென வந்த நான்கு கவ்விச் சக்கே உத்தமம். தட்டில் திருகாணி இட்டுப் பிடிப்போர், குறுக்குவெட்டு முகத்தில் திருகாணியின் பிடி குறைவு என்பதை எண்ணி நீளமும் பருமனும் கூட்டுக. அதன் நுனி எதுவரை வருமென்று முன்னரே அளந்துகொள்க.

நீண்ட கலமாயின் வாய்ப்பக்கத்தில் மூன்று உருளைகள் கொண்ட தாங்குவளையம் வைத்தல் நலம். செலவைக் கண்டு நாம் பல்லாண்டு தயங்கினோம். அது வீண் சிக்கனம். சீவல் உள்ளே திரண்டால் யந்திரத்தை நிறுத்தி வெளியேற்றுக.

பச்சை மரமாயின் காம்பு ஓரிரவில் வற்றி நீள்வட்டமாகும். காலையில் இறுக்கிப் பாராமல் யந்திரத்தை ஓட்டலாகாது. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் பழைய வீடுகளிற் கிடைக்கும் ஆச்சாமரத்தை நாடுவது, அது வற்றி நிலைத்த மரமாதலால் அன்றோ!

அம்மூதாட்டியாரிடம் அப்பலாவின் சிறு துண்டொன்று எஞ்சியிருந்தது. மூன்றங்குலக் காம்பு வைத்து, தோளை இருமுறை சரிபார்த்து, ஐந்தங்குல ஆழத்தில் ஒரு சிமிழ் கடைந்து கூலியின்றிக் கொடுத்தோம். அம்மையார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதை உள்ளே எடுத்துச் சென்றார்.