பிடிக்கிற கையைப் பார்த்து அடிக்கணும்

(தலித் இளைஞர்கள், மாணவர்கள் கூட்டத்தில் கத்திப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



'படைப்பும் தத்துவமும்' அப்படின்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. பார்த்ததும் கொஞ்சம் பயந்துட்டேன். நான் கத்தி அடிக்கிறவன். அறுவாமனை, கதிரறுவா, பாளை சீவுற அறுவா, தோல் வெட்டுற கத்தி. கிட்டத்தட்ட ஐம்பது வருசமா இதுதான் பொழப்பு. செஞ்ச வேலையைச் சொல்றேன். தத்துவம் இருந்தா நீங்களே எடுத்துக்குங்க.

நான் கீழத்தஞ்சைக்காரன். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்து எரித்தபோது எனக்கு மூணு வயசு. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட சனங்க. எங்க வீட்டுல அந்தக் கதையைப் பேசாத அறுப்புக்காலம் கிடையாது. அதனால கதிரறுவான்னா எனக்கு வெறும் இரும்பு இல்ல.

பதினோரு வயசுல, ஊர்த்தெருவுல இருந்த ஆசாரி பட்டறைக்குத் துருத்தி இழுக்கப் போனேன். துருத்தி மாட்டுத்தோல். அந்த மாட்டை உரிச்சது எங்க தாத்தா. தோல் உள்ளே போயிடுச்சு, தாத்தா கடைசி வரைக்கும் அந்த வாசலைத் தாண்டல. நான் காத்து ஊதணுமே, அதனால என்னை உள்ளே விட்டாங்க. குடிக்கிற பானையைத் தொடக்கூடாது. இரும்பைத் தோய்க்கிற தொட்டித் தண்ணியைத் தொடலாம். சாதி எவ்வளவு கணக்குப் பார்த்து வேலை செய்யுதுன்னு பாருங்க.

ஆனா அந்த ஆசாரியைக் கெட்டவராக்கிப் பேச வரல. அவருக்கும் வயல்காரன் களத்துல அளந்து போடுற நெல்லுதான். கண்ணு மங்கின பிறகு நெருப்போட நிறத்தை என்கிட்டதான் கேட்பாரு. "என்னடா நெறம்?" "செவப்பு தாத்தா." "எந்தச் செவப்பு?" அங்கேதான் படிப்பு ஆரம்பிச்சுது.

லாரியோட ஸ்பிரிங் பட்டைதான் எங்களுக்குச் சரக்கு. அதுல கார்பன் நூத்துக்கு அரை பங்குக்குக் கொஞ்சம் மேல இருக்குன்னு கெமிஸ்ட்ரி படிச்ச என் மக பின்னால சொன்னா. பழுக்கக் காய்ச்சின பட்டையில காந்தம் ஒட்டாம போகும். அதுக்கு மேல கொஞ்சம் சூடு ஏத்தி, எண்ணெயில தோய்ச்சா கண்ணாடி மாதிரி விறைச்சுக்கும். அப்படியே விட்டா கீழே விழுந்தாலே உடையும். அதனால கல்லுல தேய்ச்சுப் பளிச்சுன்னு ஆக்கி, முதுகுப் பக்கத்தை மெதுவா அனல்ல காட்டணும். நிறம் ஓடி வரும். முதல்ல வைக்கோல் மஞ்சள், அப்புறம் தவிட்டு நிறம், ஊதா, நீலம். சமையல் கத்தின்னா மஞ்சள்லயே நிறுத்து. மரம் வெட்டுற அறுவான்னா நீலம் வரைக்கும் விடு, இல்லேன்னா வாய் தெறிச்சுடும். கண்ணு மூடித் திறக்கிற நேரம்தான். அந்த நேரத்துல யார் கூப்பிட்டாலும் நான் திரும்பமாட்டேன். என் பொண்டாட்டி இதுக்கு முப்பது வருசமா திட்டுறா.

கதிரறுவாவுக்குக் கருக்கு வெட்டணும். தோய்க்கிறதுக்கு முன்னாடி, உளியால பல்லு பல்லா, ஒரு பக்கமா. எங்கம்மாவுக்கு இடது கைதான் கை. ஆனா ஊருல இருந்ததெல்லாம் வலது கைக்காரங்க அறுவா. அதை வெச்சுக்கிட்டு மல்லுக்கட்டி அம்மா விரலெல்லாம் தழும்பு. வரிசையில பின்தங்கினா மேஸ்திரி ஏசுவான், "பறச்சிக்குக் கை வளையல." ஆசாரிகிட்ட கேட்டேன். "இடது கைக்கு அறுவா ஏதுடா" ன்னு சிரிச்சாரு. அவர் மதியம் தூங்கினப்ப வளைவையும் கருக்கையும் மாத்தி நானே ஒண்ணு அடிச்சேன். கோணலாத்தான் வந்துச்சு. அம்மா அதை எடுத்துக்கிட்டுப் போயி அறுத்தா. சாயந்திரம் வந்து ஒண்ணும் சொல்லல, கழுவித் துடைச்சு எரவாணத்துல சொருகினா. என் முதல் படைப்பு அதுதான். அன்னையிலிருந்து, வாங்க வர்றவங்க கையைப் பார்க்காம நான் பிடி போடுறதில்ல.

இப்போ சொல்லக் கூசுற விசயம்.

தனிப்பட்டறை போட்ட புதுசுல ஒருத்தர் வந்து ரெண்டரை அடி நீளத்துக்கு, நுனி வளைச்சு ஒண்ணு கேட்டாரு. காசு நல்ல காசு. எதுக்குன்னு கேட்கல. ஆறு மாசம் கழிச்சு போலீஸ்காரர் ஒருத்தர் துணியில சுத்தி அதைக் கொண்டாந்தாரு. பிடிக்குக் கீழே நான் வைக்கிற மூணு புள்ளி. பக்கத்துச் சேரிப் பையன் ஒருத்தனுக்குத் தோள்ல வெட்டு. நான் அடிச்சதுதான்னு சொன்னேன். தோய்ச்சல் நல்லா விழுந்திருந்துச்சு, வாய் கொஞ்சம்கூட மடங்கல. அதைப் பார்த்ததும் ஒரு நொடி எனக்குப் பெருமை வந்துச்சு தோழர்களே. அந்த ஒரு நொடிக்கு இன்னைக்கும் எனக்கு மன்னிப்பு இல்ல.

அப்புறம் வீச்சறுவா அடிக்கிறதில்லன்னு முடிவு பண்ணேன். ஊர்த்தெருக்காரனுக்கு இல்லன்னு சொல்றது சுலபம். ஒரு திருவிழாத் தகராறுல நம்ம பசங்களே ராத்திரி வந்து நின்னாங்க. "அவனுக்கு அடிச்சுக் குடுத்த கைதானே மாமா, எங்களுக்கு மட்டும் இல்லையா?" பதில் வரல. விடியிற வரைக்கும் அவங்களைப் பட்டறையிலேயே உட்கார வெச்சு, ஆளுக்கொரு தடவை சம்மட்டி போடச் சொன்னேன். மண்வெட்டிதான் அடிச்சோம். அது சரியா தப்பான்னு நீங்க விவாதம் பண்ணுங்க. அதுல ஒருத்தன் இன்னும் என்கிட்ட பேசுறதில்ல.

2021 செப்டம்பர்ல, அறுவா வாங்குறவன் பேரு, விலாசத்தை எழுதி வையுன்னு பட்டறைகளுக்குப் போலீஸ் சொன்னாங்க. நான் அதுக்கு முன்னாடியே எழுதிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா நோட்டைப் புரட்டுறவர் விரல் எங்க தெருப் பேருலதான் வந்து நிக்குது.

இன்னொண்ணு. 2025 ஜனவரியில அரசு அறிக்கை வந்துச்சு. சிவகளை இரும்பு கி.மு. 3345 வரைக்கும் போகுதாம். எனக்கும் சந்தோசம்தான். பழசு பேசுறவங்க உலையில நிக்கிறவனையும் கொஞ்சம் பேசலாம். ஒரு தடவை கடன் கேட்டுப் போனப்ப, "இது உங்க குலத்தொழில் இல்லையேப்பா" ன்னு ஒரு அதிகாரி கேட்டாரு. எங்க குலத்தொழில்னு அவங்க எழுதி வெச்சது பறையும் செத்த மாடும். நான் கத்தி அடிக்கிறதே அதை மீறித்தான். 2023ல வந்த விஸ்வகர்மா திட்டம் குடும்பத் தொழிலான்னு பார்த்து, பதினெட்டு வயசுலயே பிள்ளைங்களைச் சேர்க்கப் பார்த்துச்சு. அந்த வடிவத்துல வேண்டாம்னு 2024ல தமிழ்நாடு அரசு சொன்னது நியாயம்தான். 2025ல கொண்டுவந்த கைவினைத் திட்டத்துல முப்பத்தஞ்சு வயசு ஆகியிருக்கணும், குடும்பத் தொழிலான்னு கேள்வி இல்ல. அதுக்குள்ள பையன் காலேஜ் முடிச்சிருப்பான்ல. என் மககிட்டயும் பட்டறையை எடுத்துக்கன்னு நான் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. லீவுல வந்தா நிறம் பார்க்கிறா.

நேரம் ஆச்சுன்னு தம்பி சீட்டு நீட்டுறாரு. பந்தலுக்கு வெளியே சாணைக்கல் வெச்சிருக்கேன். அறுவாமனை கொண்டாந்தவங்க வரிசையா வாங்க. இடது கைக்காரங்க முதல்ல சொல்லிடுங்க. தோழர்னாலும் கூலி உண்டு.