இரண்டு தூரியும் ஒரு கிளையும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் பௌதிகத் துறையை எட்டிப் பார்த்தேன். இரண்டு பெஞ்சுகூட நிறையவில்லை. ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, இதைப் படிச்சுட்டு என்னங்க பண்றது?" இதே கேள்வி எனக்கும் வந்தது. பௌதிகத்தை விட்டுவிட்டு பம்ப் கம்பெனிக்குப் போனதுதான் நான் கண்ட பதில்.

ஆடியில் ஒரே புளியங்கிளையில் ரெண்டு தூரி கட்டுவோமில்லையா? ஒன்றை ஆட்டிவிட்டால் சற்று நேரத்தில் அது நின்று, மற்றது ஆடும். பிறகு திரும்பவும் இது ஆடும். ஆட்டம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஒளியும் எலக்ட்ரானும் இப்படி ஆடுமா? சாதாரணமாக ஆடாது. 1928-ல் ராமன் கண்டதில் ஒளி மூலக்கூறைத் தொட்டு, நிறம் சற்று மாறிப் போய்விடுகிறது. ஆனால் எதிரெதிரே இரு கண்ணாடி வைத்து ஒளியை அடைத்து, நடுவில் குறைகடத்திப் படலம் வைத்தால் கதை வேறு. ஒளி எலக்ட்ரானைக் கிளப்புகிறது, எலக்ட்ரான் விழுந்து ஒளியைத் தருகிறது. ஒளி கசிந்து போவதற்குள் இந்தக் கைமாற்றம் பலமுறை நடந்தால், அது ஒளியுமில்லை, பொருளுமில்லை, போலரிட்டான். நிறமாலையில் ஒரு கோடு இரண்டாகப் பிரிகிறது. 1992-ல் வைஸ்புக், அரகாவா குழுவினர் இதைக் குறைகடத்தியில் கண்டார்கள்.

2015-ல் நியூயார்க்கில் வினோத் மேனன் குழுவினர் சாதாரண அறை வெப்பத்திலேயே காட்டினார்கள். கோடுகளின் இடைவெளி சுமார் 46 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தின் குலுக்கல் ஏறக்குறைய 26தான். கோடுகள் கலங்கவில்லை.

அவர்கள் எடுத்த பொருள் எது தெரியுமா? மாலிப்டினம் டைசல்பைடு, ஒரே ஒரு அடுக்கு. நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் கறுப்பு கிரீஸில் கலந்து வருமே, அதேதான்! அடுக்கடுக்காக வழுக்குவதால் கிரீஸுக்கு ஆகிறது. அதே காரணத்தால் ஒற்றை அடுக்காக உரிக்கவும் வருகிறது. இருபது வருடம் என் நகக்கண்ணில் அப்பியிருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தம்பி இங்கே இருக்கிறானா? மகள் அனுப்பிய மாலிப்டினைட் கல் ஒன்றும், செல்லோடேப்பும் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு ஆய்வகத்துக்கு வா சாமி, உரித்துப் பார்க்கலாம்.