ஏறிய ஏணியை எடுப்பதோ?



புதியது புனைந்தானுக்குக் குறித்த காலம்வரை தனியுரிமை வழங்கி, அவன் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாவாறு தடுப்பதே காப்புரிமை. உழைத்தவன் ஊதியம் பெறுதல் அறமே. ஆயின், அவ்வுரிமை நோயாளிக்கும் மருந்திற்கும் இடையே மதிலாய் எழுமாயின் அஃது அறமாகுமா?

இன்று காப்புரிமை பேசும் செல்வநாடுகளின் பழங்கணக்கைப் புரட்டிப் பாருங்கள். ஆலந்து நாடு 1869இல் தன் காப்புரிமைச் சட்டத்தையே நீக்கிவிட்டு, 1912வரை அஃதின்றியே தொழில் வளர்த்தது. இத்தாலி 1978வரை மருந்திற்குக் காப்புரிமை வழங்கவில்லை. பிறர் அறிவைத் தடையின்றிக் கற்று மேலேறினர். ஏறியபின் ஏணியை எடுக்கின்றனர்!

இந்தியா என் செய்தது? நடுவர் இராசகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையின் வழிவந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கன்று, அதனைச் செய்யும் முறைக்கே காப்புரிமை தந்தது. வேறுமுறையில் அதே மருந்தை எவரும் செய்யலாம். உள்நாட்டு மருந்துத்தொழில் தழைத்தது. எயிட்சு நோயாளி ஒருவர்க்கு ஓராண்டிற்கு மேலைநாடுகளில் 10,000 தாலருக்குமேல் விற்ற கூட்டுமருந்தை, 2001இல் இந்திய நிறுவனமொன்று 350 தாலருக்குத் தர முன்வந்தது. எத்துணை உயிர்கள் பிழைத்தன!

1995இல் உலக வணிக அமைப்பின் அறிவுடைமை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. வேண்டுகை அளித்த நாள்தொட்டு 20 ஆண்டுக் காப்புரிமை என்பது அதன் பொதுவிதி. வளரும் நாடுகளுக்குக் கிடைத்தது காலநீட்டிப்பே. அதற்கிணங்க இந்தியாவும் 2005இல் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரச் சட்டம் திருத்தியது. ஆயினும் 3ஆம் பிரிவு காவலாய் நின்றது: அறிந்த மருந்தின் புதுவடிவம், நோய்தீர்க்கும் ஆற்றலில் மிகாதாயின் காப்புரிமை இல்லை. குருதிப்புற்று மருந்தாகிய கிளீவெக்கின் பளிங்கு வடிவிற்கு நோவார்த்திசு நிறுவனம் கேட்ட உரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. உச்ச நயன்மன்றம் 2013இல் அம்மறுப்பை உறுதிசெய்தது.

பெருமக்களே! உலகிற்கெல்லாம் ஒரே சட்டம் என்பது கேட்க இனிது. வலியவன் தோளிலும் மெலியவன் தோளிலும் ஒரே சுமையை ஏற்றுதல் நடுவுநிலை அன்று. மக்கள் நலங்காக்க, காப்புரிமையாளன் இசைவின்றியும் மருந்து செய்யப் பிறர்க்கு உரிமம் அளிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டிற்கும் உண்டென 2001ஆம் ஆண்டுத் தோகா மாநாட்டில் உலக வணிக அமைப்பே அறிவித்தது. கையிலுள்ள அப்படைக்கலத்தைத் துருவேற விடுதல் மடமை. அறிவிற்கு மதிப்புத் தருவோம். உயிருக்கு அதனினும் மிகுந்த மதிப்புத் தருவோம்!