விதைநெல்லை விற்கும் காலம்



கிரிக்கெற் ஆட்டத்திற் பழகிய நமது கண்களுக்கு அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டம் சற்றுப் புதுமையாகவே தோன்றும். ஆயினும் அங்கும் மட்டையேந்தி நிற்பவர் ஒருவர். அவரை வீழ்த்த முயல்பவர் ஒருவர். இப்பின்னவரைப் பந்தெறிவோர் என்போம். ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. தோளும் முழங்கையும் தாங்கமாட்டாவாதலின், ஆட்டத்தைத் தொடங்கி நெடுநேரம் எறியும் வீரர் பெரும்பாலும் ஐந்து நாட்களுக்கு ஒரு முறையே களம் புகுவார். ஆகவே இத்தகையோர் ஐவர் வேண்டும். நல்லவர் ஐவரை ஒருங்கே பெற்ற கழகங்கள் மிகச் சில.

தோல்வியால் நலிந்த கழகமொன்று தன்னை மீளக் கட்டியெழுப்ப விரும்பின் என் செய்யும்? பெயர்பெற்ற வீரரைப் பிற கழகங்களுக்குக் கொடுத்து, அவருக்கு ஈடாக இளைஞரைப் பெற்றுக் கீழ்நிலை அணிகளில் வைத்து வளர்க்கும். இது நாற்றுமேடை போன்றது. ஆனால் என்றென்றும் நாற்றுமேடைக்கே நீரூற்றிக்கொண்டிருத்தல் இயலாது. அவ்விளைஞருட் சிலரைக் கொடுத்துத் தேர்ந்த பந்தெறிவோர் ஒருவரை வாங்கவேண்டிய வேளை எது? ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்னும் வீரரின் வரலாறு இதற்கு நல்ல விளக்கம். அவரொருவரைப் பெறுதற்கு இரு கழகங்கள் வெவ்வேறு காலங்களில் தம் இளைஞரைக் கொடுத்தன.

முதலாவது, கன்சாஸ் சிற்றி நகரத்து றோயல்ஸ் கழகம். 1985இல் உலகத் தொடரை வென்ற இக்கழகம், அதன்பின் 28 பருவங்கள் இறுதிச் சுற்றுகளின் வாயிலையேனும் மிதிக்கவில்லை. 1985இல் தந்தையின் தோளிலிருந்து வெற்றியைக் கண்ட குழந்தை, தான் தந்தையாகியும் தன் மகனுக்குக் காட்ட ஒன்றுமில்லாதிருந்த காலம் அது. 2010 டிசம்பரிலே கழகம் தன் தலைசிறந்த பந்தெறிவோராகிய சாக் கிறெய்ங்கியை மில்வோக்கிக்குக் கொடுத்து, லொறென்சோ கேய்ன், அல்சிடிஸ் எஸ்கோபார் முதலிய இளைஞர் நால்வரைப் பெற்றது. அடுத்த ஆண்டில் அதன் சொந்த வளர்ப்புகளாகிய எரிக் ஹொஸ்மர், மைக் முஸ்தாக்கஸ், சல்வடோர் பெரெஸ் ஆகியோர் மேனிலை அணியில் ஏறினர்.

இங்கே ஒரு விதியை நாம் மனங்கொள்ளல் வேண்டும். மேனிலை அணியில் ஆறு ஆண்டுச் சேவையை நிறைவு செய்த வீரர், வேறு நீண்ட ஒப்பந்தம் இல்லாவிடின், தாம் விரும்பிய கழகத்திற்குச் செல்லும் உரிமை பெறுகின்றார். இளைஞர் மேலேறிய நாள்முதல் மணிக்கூடு ஓடத் தொடங்கிவிடுகின்றது. என் கருத்தில், வாங்கும் காலத்தை உரைப்பது இந்த மணிக்கூடேயன்றி வெற்றிதோல்விப் பட்டியல் அன்று.

2012இல் றோயல்ஸ் வென்றவை 72, தோற்றவை 90. அவ்வாண்டு டிசம்பரிலே முகாமையாளர் டேற்றன் மூர், வில் மையர்ஸ் என்ற இளைஞரையும் வேறு மூவரையும் தம்பா பே கழகத்திற்குக் கொடுத்து, ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் முதன்மையாகப் பெற்றார். மையர்ஸ் அவ்வாண்டில் கீழ்நிலை ஆட்டக்காரருள் முதல்வரெனப் பாராட்டப்பெற்றவர். 90 ஆட்டங்களில் தோற்ற கழகம் விதைநெல்லைக் குற்றி உண்ணலாமோ என்று பலர் கண்டித்தனர். ஆசிரியத் தொழிலில் நரைத்தவனாதலின் எனக்கும் இளைஞரைப் பிரிவது எளிதில் மனத்திற்கு ஒவ்வாது. (மையர்சுக்காக நாம் வருந்தவேண்டியதில்லை, 2013இல் அவரே தம் லீக்கின் சிறந்த புதுவீரரானார்.)

ஆயின் கண்டித்தோர் ஒன்றைக் கவனித்திலர். வயல் முன்னமே விதைக்கப்பட்டுவிட்டது. மட்டைவீரர் ஒரே காலத்தில் முதிர்ந்துகொண்டிருந்தனர். இல்லாதவர், ஆட்டத்தைத் தொடங்கி நிலைநிறுத்தவல்ல பந்தெறிவோரே. மேலும் ஷீல்ட்ஸ் ஒரு பருவத்திற்கு மட்டும் வந்த விருந்தாளி அல்லர். இரு பருவங்கள் அவரைக் கழகம் வைத்திருக்கலாம். இரண்டிலும் அவர் 34 ஆட்டங்கள் வீதம் தொடங்கி, ஒவ்வொன்றிலும் 225 இன்னிங்சுக்கு மேல் எறிந்தார். 2013இல் கழகம் பெற்ற 86 வெற்றிகள் 1989இன் பின்னர் அது கண்ட பெருந்தொகை. 2014இல் உலகத் தொடரையே எட்டி, ஏழாம் ஆட்டத்தில் தோற்றது. அத்தொடரில் ஷீல்ட்ஸ் தொடங்கிய ஆட்டங்கள் இரண்டும் தோல்வியே என்பதையும் மறைத்தலாகாது. அவர் சான் டியேகோவுக்குச் சென்றபின், 2015இல் றோயல்ஸ் உலகத் தொடரை வென்றபோது கடைசிப் பந்தை எறிந்தவர், அவருடன் இணைப்பாக வந்த டேவிஸ். ஹொஸ்மர், முஸ்தாக்கஸ், கேய்ன், எஸ்கோபார் நால்வரும் 2017இன் முடிவில் ஒருங்கே விடுதலை பெற்றனர். மூர் இன்னும் ஐந்து ஆண்டுகள் பொறுத்திருப்பின் மணிக்கூடு நின்றிருக்கும்.

இனி இரண்டாவது. சிக்காகோ வைற் சொக்ஸ் கழகம் 2016ஆம் ஆண்டுப் பருவத்தின் முதல் 33 ஆட்டங்களில் 23ஐ வென்றது. பின் சரிவு தொடங்கியது. பட்டியலில் இன்னும் இடமுண்டு என்ற நசையால் ஜூன் மாதத்தில் அதே ஷீல்ட்ஸை வாங்கினர். அப்போது அவருக்கு வயது 34. சில நாட்களின் முன்னர்த்தான் ஓராட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் முடியுமுன் பத்து ஓட்டங்களை வழங்கியிருந்தார். வைற் சொக்ஸிடம் கிறிஸ் சேல் போன்ற சிறந்த பந்தெறிவோர் முன்னமே இருந்தனர். இல்லாதது, ஒருங்கே முதிர்ந்துவரும் இளைஞர் கூட்டம். அங்ஙனமிருந்தும் அவர்கள் கொடுத்த இருவருள் ஒருவர், தொழில்முறை ஆட்டமொன்றும் அதுவரை ஆடியிராத பதினேழு வயதுப் பையன்.

ஷீல்ட்ஸ் அப்பருவத்தில் சிக்காகோவுக்காக 4 வென்று 12 தோற்றார். கழகம் 78 வெற்றிகளோடு அமைந்தது. டிசம்பரில் சேலையும் பொஸ்ரன் நகரத்துக் கழகத்திற்கு விற்று, நாற்றுமேடையை முதலிலிருந்து அமைக்கத் தொடங்கினர். அம்மேடையில் நின்றிருக்கவேண்டிய பையன், பெர்னாண்டோ தத்தீஸ், 2021இல் சான் டியேகோவுக்காக ஆடி, 42 ஹோம் ரன் அடித்துத் தம் லீக்கில் முதலிடம் பெற்றார்.