ஆச்சியும் சுவர்க்கடிகாரமும்
(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவன் இன்று கேமராவைப் பற்றிப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2014-ல் முதல் கேமரா வாங்கி, பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காலை வெயிலில் கோயில் வாசலை எடுக்க ஐ.எஸ்.ஓ.வை 100-ல் வைத்தேன். மற்றதைக் கேமராவே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்குள் ஆச்சி கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாமல் நாலைந்து படம் எடுத்தேன். “நல்லா வந்திருக்காய்யா?” என்று கேட்டார். பார்க்காமலே, “நல்லா வந்திருக்கு ஆச்சி” என்றேன்.

ராத்திரி பார்த்தால், சுவர்க்கடிகாரத்தில் மணி தெளிவாகத் தெரிகிறது. ஆச்சி முகம் மட்டும் கலங்கல். அடுத்த தடவை எடுத்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த தடவை போனபோது ஆச்சி இல்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். விஷயம் மூன்றுதான். ஷட்டர், வெளிச்சம் விழும் நேரம். 1/125 நொடியை 1/250 ஆக்கினால் வெளிச்சம் பாதி. அபர்ச்சர், துவாரத்தின் அளவு. எஃப் 2.8, 4, 5.6, 8 என்று எண் ஏற ஏற, ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். ஏன் இந்த விநோத எண்கள்? வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பரப்பு பாதியாக, விட்டத்தை 1.4-ஆல் வகுக்க வேண்டும். நாம் படித்த கணக்குதானே! மூன்றாவது ஐ.எஸ்.ஓ., சென்சார் தரும் சிக்னலைப் பெருக்குவது. ஏற்றினால் ரவை தூவினாற்போல் புள்ளிகள் தெரியும்.

அன்று ஷட்டர் 1/8 நொடி திறந்திருந்தது. லென்ஸில் இருந்த வசதி என் கை நடுக்கத்தைச் சரிசெய்ததால் கடிகாரம் தெளிவாக விழுந்தது. ஆச்சியின் அசைவை அது என்ன செய்யும்? ஐ.எஸ்.ஓ.வை 100-லிருந்து 1600-க்கு நான்கு படி ஏற்றியிருந்தால் ஷட்டர் 1/125 ஆகியிருக்கும். புள்ளி கொஞ்சம் தெரிந்திருக்கும், முகம் கிடைத்திருக்கும். ஒன்றைப் பெற ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை விடலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். கேமராவுக்கு ஆச்சியும் கடிகாரமும் ஒன்றுதான்.

தம்பி தங்கைகளே, கேமரா இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பல போன்களில் ‘ப்ரோ’ முறை இருக்கிறது. பெரும்பாலானவற்றில் அபர்ச்சர் மாறாது, ஷட்டரையும் ஐ.எஸ்.ஓ.வையும் மாற்றலாம். ஓடும் மின்விசிறியை 1/30-லும் 1/1000-லும் எடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும். பிறகு மெஸ் அண்ணாச்சி தோசை வார்ப்பதை எடுங்கள்.

இன்று மாலை குழுப் படம் எடுப்பது நான்தான். பின்வரிசைக்காரர்களும் தெளிவாக விழ எஃப் 8 வைக்கிறேன். ஆனால் ஒன்று: எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்து முடிக்கும்வரை யாரையும் கலைய விடமாட்டேன்.