வெட்டிய கையும் ஏவிய கையும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கொடைக்கானலில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



சாதி வெறியால் நிகழும் குற்றங்களையும், கூலிப்படைகளின் குற்றங்களையும், இளைஞர்கள் குற்ற வழியில் செல்வதையும் காவல்துறை எங்ஙனம் எதிர்கொள்கிறது என்பது குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு மூன்று தனித்தனிப் பொருள்கள் போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வினாவே. குற்றம் செய்த கையைக் காவல்துறை பிடித்துவிடுகிறது. அந்தக் கையை ஏவியவன் பிடிபடுகிறானா? இன்று நான் பேசப்போவது இந்த ஒரு வினாவைப் பற்றித்தான்.

நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்த மலையிலிருந்து பழனிக்கு இறங்கி மேற்கே சென்றால் அடுத்த பெரிய ஊர் உடுமலைப்பேட்டை. அங்கே 2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகே மக்கள் நடமாட்டம் மிகுந்த சாலையில், இருசக்கர வண்டிகளில் வந்த கும்பல் ஓர் இளம் தம்பதியரை அரிவாளால் வெட்டியது. கணவர் சங்கர், அமராவதிக் கரையிலுள்ள குமரலிங்கத்தைச் சேர்ந்தவர், நம் மக்களில் ஒருவர், பொறியியல் மாணவர், வயது 22. மனைவி கௌசல்யா பழனியைச் சேர்ந்தவர். வேறு சாதியில் பிறந்தவர். இருவரும் 2015 ஜூலையில் பழனியில் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள். சங்கர் உயிரிழந்தார். தலையில் வெட்டுண்ட கௌசல்யா உயிர் பிழைத்தார்.

அந்தக் கொடுமையைச் சாலையோரக் கண்காணிப்புக் கருவி பதிவு செய்திருந்தது. காவல்துறை விரைந்து செயல்பட்டது; சில நாட்களுக்குள் கைதுகள் தொடங்கின. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் 11 பேர். அவர்களுள் கௌசல்யாவின் தந்தையும் தாயும் தாய்மாமனும் இருந்தனர். பெற்ற தந்தைக்கு எதிராக அந்தப் பெண்ணே நீதிமன்றத்தில் நின்று சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12ஆம் நாள் திருப்பூர் நீதிமன்றம் தந்தை உள்ளிட்ட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தாயும் தாய்மாமனும் இன்னொருவரும் விடுவிக்கப்பட்டனர்.

பலர் இந்த அளவோடு வழக்கை மறந்துவிட்டார்கள். 2020 ஜூன் 22ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பை அளித்தது. வெட்டிய ஐவரின் மரண தண்டனை, 25 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்டது. கொலைக்குச் சதி செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட தந்தை, அச்சதி ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று விடுதலை செய்யப்பட்டார். அரசு உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு சென்றது.

மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். அதனுள் நான் இப்போது போகவில்லை. நீங்கள் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கருவியில் பதிவான கைகளுக்கு இவ்விரண்டு நீதிமன்றங்களிலும் தண்டனை உறுதியாயிற்று. அந்தக் கைகளை அங்கே அனுப்பியது யார் என்ற கேள்விக்கு உயர் நீதிமன்றத்தில் விடை கிடைக்கவில்லை. ஐந்து பேரும் தாமாகவே ஒரு நாள் காலையில் எழுந்து, யாரென்று அறியாத இரண்டு பேரை வெட்டப் புறப்பட்டார்களா? சாதாரண அறிவு அப்படி நம்பாது. ஆனால் நீதிமன்றம் சாதாரண அறிவைக் கொண்டு தண்டிக்க முடியாது, சான்று வேண்டும். 1968இல் கீழவெண்மணியில் 44 பேர் தீயில் மாண்டார்கள். நிலக்கிழார்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். அன்றுதொட்டு நம் மக்கள் கண்டுவரும் காட்சி இதுவேயாகும்.

ஆயினும், ஏவிய கை அகப்பட்ட வழக்கும் உண்டு. சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், 2015 ஜூன் 23ஆம் நாள் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்கு வேறு சாதியைச் சேர்ந்த தோழியுடன் சென்றிருந்தார். மறுநாள் அவர் உடல் இருப்புப் பாதையில் கிடந்தது. தற்கொலை என்று காட்டுவதற்கு எல்லா ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. வழக்கு பின்னர் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. உடன் சென்ற தோழியே நீதிமன்றத்தில் பிறழ் சாட்சியானார். வேறொரு வழக்காயிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் கோயிலின் கண்காணிப்புக் கருவியில் பதிவான காட்சிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோகுல்ராஜின் தாயார் இருந்தார். உள்ளூரில் நீதி கிடைக்காது என்று அஞ்சி, வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப் போராடினார். தமக்கு நம்பிக்கையுள்ள வழக்குரைஞரே அரசுத் தரப்பில் வாதாட வேண்டும் என்றார். 2022 மார்ச் 8ஆம் நாள் மதுரைச் சிறப்பு நீதிமன்றம், சாதி அமைப்பொன்றின் தலைவரான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் தாமே திருச்செங்கோட்டுக்குச் சென்று மலைக்கோயிலை நேரில் பார்வையிட்டார்கள். 2023 ஜூனில் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள். அங்கே தலைவனே குற்றவாளிக் கூண்டில் நின்றான்.

இவ்விரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொலை நடந்த பின் காவல்துறை எவ்வளவு விரைந்தாலும், ஏவியவனைக் காட்டும் சான்று பெரும்பாலும் கொலைக்கு முந்தைய நாட்களில்தான் கிடக்கிறது. மிரட்டிய சொல், வந்த தொலைபேசி எண், வீட்டு வாசலில் வந்து நின்ற வண்டி, ஊர்க் கூட்டத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு, இவை நடந்த அன்றே எழுத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் பின்னர் அவற்றை எவரும் மெய்ப்பிக்க முடியாது. எழுத்தில் ஏற்றும் பொறுப்பில் பாதி காவல் நிலையத்துடையது, மறுபாதி நம்முடையது.

இனி, காவல் நிலையத்தின் கடமை என்ன என்பதைச் சொல்கிறேன். பட்டியல் இனத்தார், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டப்படியான வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட வேண்டும். முன்பிணை கிடையாது. முதல் தகவல் அறிக்கையைப் பதியுமுன் தொடக்க விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகச் சொல்கிறது. சாய்வான எண்ணத்தோடு புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரி பட்டியல் இனத்தவர் அல்லாதவராயின், வேண்டுமென்றே கடமை தவறிய குற்றத்துக்காக அவர்மீதே 4ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். சாட்சிகளின் பாதுகாப்பு 15ஏ பிரிவில் உரிமையாகவே வழங்கப்பட்டிருக்கிறது. நம் காவல்துறையில் சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவு என்றே தனியொரு பிரிவு இயங்குகிறது.

சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும் நம்மவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்? ஒரு துண்டுத் தாளில்தான். புகார் கொடுக்கப் போனவருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "விசாரித்துச் சொல்கிறோம், போய் வாருங்கள்" என்பார்கள். அவரும் வழக்குப் பதிவாகிவிட்டது என்று மகிழ்ந்து வீடு திரும்புவார். அந்த ரசீது, மனு பெறப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு ஆயம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன் படியை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மன்னவனூரிலிருந்தும் பூம்பாறையிலிருந்தும் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இது பயன்படும். மின்னஞ்சலிலும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். நிலையத்தில் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் செல்லுங்கள்.

சாதி கடந்து மணம் செய்வோர்க்காகத் தனி ஏற்பாடுகள் உள்ளன. 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும் 24 மணி நேரத் தொலைபேசியும் வேண்டுமென்று ஆணையிட்டது. சங்கர் கொலையுண்டு ஒரு மாதமே ஆகியிருந்த நேரம் அது. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்கள் வேண்டுமென்றும், கட்டப்பஞ்சாயத்து கூடப்போவது தெரிந்தால் காவல்துறை முன்கூட்டியே தடுக்க வேண்டுமென்றும் கூறியது. இத்தனைக்குப் பிறகும் 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொறியாளர் கவின் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பின்னர், அவ்வாண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். சட்டம் வரட்டும். ஆனால் இருக்கின்ற ஏற்பாடுகளில் எத்தனையை நம் இளைஞர்கள் அறிந்திருக்கிறார்கள் என்பதே என் கவலை.

இதுகாறும் நாம் வெட்டுண்டவர் பக்கம் நின்று பேசினோம். இனிச் சற்றுக் கசப்பான செய்தி. ஏவப்படும் கைகளுள் நம் பிள்ளைகளின் கையும் இருக்கக்கூடும் அல்லவா? கொடைக்கானலுக்குச் சுற்றுலா வருவோருள் ஒரு சாரார் ஏரியைப் பார்க்க வருவதில்லை. கஞ்சாவையும் போதைக் காளானையும் தேடி வருகிறார்கள். அவர்களுக்குப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்பவன் யார்? பெரும்பாலும் வேலையற்ற உள்ளூர் இளைஞனே. பொருளுக்கு முதல் போட்டவன் மலைக்கு ஏறுவதே இல்லை.

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் எடையைப் பார்க்கிறது. கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தால் ஓராண்டு வரை சிறை. 20 கிலோ அளவைத் தாண்டினால் பத்து முதல் இருபது ஆண்டு வரை கடுங்காவல், குறைந்தது ஒரு லட்ச ரூபாய் தண்டம், பிணை கிடைப்பதும் அரிது. "பையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது" என்ற வாதம் எளிதில் எடுபடாது. தெரியாது என்பதை அவனே மெய்ப்பிக்க வேண்டும். முதல் போட்டவனுக்கும் அதே பத்து முதல் இருபது ஆண்டுத் தண்டனை 27ஏ பிரிவில் இருக்கிறது. போதை வணிகத்தில் சேர்த்த சொத்தை முடக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அவனிடம் போய்ச் சேர வங்கிக் கணக்கையும் கைபேசி அழைப்புகளையும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். பேருந்து நிலையத்தில் பையோடு நிற்பவனைப் பிடிக்க அரை மணி நேரம் போதும். ஆண்டுக்கு இத்தனை வழக்குகள் பிடித்தோம் என்று எண்ணிக்கை காட்டுவதில் நிறைவு காணும் வரையில் காவல்துறை பை தூக்கியவனையே பிடித்துக்கொண்டிருக்கும். இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

சிறுவர்களைப் பொறுத்தவரை சட்டம் ஏவியவனைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவரைக் கொண்டு போதைப்பொருள் விற்பவனுக்கு, கடத்துபவனுக்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவல். சிறுவனைக் காவல் நிலையக் கொட்டடியில் அடைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். உங்கள் தெருவில் ஒரு பையனைப் பிடித்துப் போனால் பெற்றோர் அழுதுகொண்டு நிற்க வேண்டாம். வயதுச் சான்றை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். 1098க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

சிறுவர்களை ஏவுவது பணம் மட்டும் அன்று. 2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு நாங்குநேரியில், உடன் படிக்கும் மாணவர்களே நம் சமூகத்து மாணவன் ஒருவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் சிறுவர்கள். அவர்கள் கையில் சாதி நிறத்தில் கயிற்றைக் கட்டிவிட்ட பெரியவர் எவர் பெயரும் அந்த வழக்கில் வராது. அதன் பின்னர் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. நம் பிள்ளைகளும் நம் சாதிக்கென்று ஒரு நிறத்தைத் தேடிக் கட்டிக்கொள்ளத் தொடங்கியிருப்பதாகச் சிலர் பெருமையோடு சொல்லக் கேட்கிறேன். எனக்கு அதில் பெருமை இல்லை.

இருபத்தைந்து ஆண்டுகளில் நம் கழகம் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் உருவாக்கியிருக்கிறது. காவல்துறைக்கும் சட்டக் கல்லூரிக்கும் அனுப்பியவர் தொகை இன்னும் போதாது. சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு ஒன்றை மாலை வேளையில் தொடங்க வேண்டுமென்று பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதைவிட எளிதாக, அடுத்த மாதமே தொடங்கத்தக்கது ஒன்று உண்டு. ஒவ்வோர் ஊரிலும் பிழையின்றி மனு எழுதத் தெரிந்த இரண்டு பேரை நாம் உருவாக்கலாம். நாள், நேரம், இடம், சொன்ன சொல், உடன் இருந்தவர் பெயர், இந்த ஐந்தும் இல்லாமல் ஒரு மனுவும் நம் ஊரிலிருந்து காவல் நிலையத்துக்குப் போகக் கூடாது. வன்கொடுமை குறித்த தேசிய உதவி எண் 14566. அதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்க வேண்டுமென்றும், அது மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டுமென்றும் 1995ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பதிவான வழக்குகள் எந்த நிலையில் உள்ளன, இழப்புதவி போய்ச் சேர்ந்ததா, எந்த அதிகாரி கடமை தவறினார் என்பனவற்றையெல்லாம் ஆராய வேண்டியது அந்தக் குழுதான். திண்டுக்கல் மாவட்டத்தில் அது கடந்த ஆண்டு எத்தனை முறை கூடியது, நம் மலைப்பகுதி வழக்குகளில் எதைப் பற்றிப் பேசியது என்று தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் இந்த வாரமே யாராவது ஒருவர் கேட்டு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வரும் பதிலைக் கழகத்தின் அடுத்த கூட்டத்தில் படிப்போம்.